குடல் கெட்டிருக்கா, கோவிச்சுக்கிட்டிருக்கா?

நான் ஓ.பி.யில் எழுதிக் கொடுக்கும் பரிசோதனைகளிலேயே அதிகம் காணாமல் போவது எது தெரியுமா?

மலப் பரிசோதனை.

ரத்தம் எடுக்கணும்னு சொன்னா கையை நீட்டிடுவாங்க. எக்ஸ்ரேன்னா மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாங்க. ஸ்கேன்னா வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வந்து வரிசையில உட்காருவாங்க. ஆனா "நாளைக்குக் காலையில மோஷன் கொஞ்சம் இந்த டப்பாவுல எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னதும் முகம் மாறிடும். சரிம்பாங்க, டப்பாவை வாங்கிக்குவாங்க. அடுத்த வாரம் டப்பாவும் வராது, ஆளும் வர மாட்டாங்க.

கூச்சம்தான் காரணம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்துக் கிராமத்துல இருந்து டவுன் பஸ்ல, மஞ்சப்பைக்குள்ள வச்சு அதை எடுத்துட்டு வரணும். லேப் ஜன்னல்ல பத்துப் பேர் பார்க்க நீட்டணும். எனக்குப் புரியுது.

ஆனாலும் இன்னைக்கு அதைப் பத்தித்தான் எழுதப் போறேன். இருபது அடிக்கு மேல நீளமான குடலுக்குள்ள என்ன நடக்குதுங்கிறதை, அங்கிருந்து கிளம்பி வந்த ஒரு ஸ்பூன் மலம் எவ்வளவு தெளிவா சொல்லுது, எங்கே அது நம்மை ஏமாத்துது, யாருக்கு அந்த டெஸ்ட் தேவையே இல்லை. இந்த மூணும்தான் விஷயம். கொஞ்சம் நீளமான இழை. சாப்பிடும்போது படிக்காதீங்க.

மூணு பேர், ஒரே வார்த்தை

(அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்.)

ஒரு தம்பி. 24 வயசு. குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிறவர். ரெண்டு வருஷமா காலையில எழுந்ததும் மூணு தடவை, நாலு தடவை போகணும். பரீட்சை நெருங்கினா ஆறு தடவை. போயிட்டு வந்தா வலி குறையும். எடை குறையல. மூணு ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மல். "ஏதோ பெரிய வியாதியை எல்லாரும் என்கிட்ட மறைக்கிறாங்க"ன்னு நினைச்சுக்கிட்டிருந்தார்.

ஒரு அண்ணன். 38 வயசு. நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டை தூக்குறவர். ரெண்டு மாசமா வயிறு வலி, நாளுக்கு மூணு தடவை இளக்கமா போகுது.

ஒரு அக்கா. 46 வயசு. நடவு, களையெடுப்பு, அறுவடைன்னு வயல் வேலைக்குப் போறவங்க. நாலு மாசமா போகுது. ராத்திரி தூக்கத்துல எழுந்து போறாங்க. சளி சளியா வருது. ஜாக்கெட் எல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு.

மூணு பேரும் என் முன்னாடி உட்கார்ந்து சொன்ன முதல் வார்த்தை ஒண்ணுதான்: "வயித்தால போகுது டாக்டரம்மா."

கெட்ட குடலும் கோவிச்சுக்கிட்ட குடலும்

நாள்பட வயித்தால போறதுக்குக் காரணம் நிறைய இருக்கு. தைராய்டு, சர்க்கரை, கணையம், பால் ஒத்துக்காதது, புழு, கிருமின்னு பட்டியல் நீளும். ஆனா ஒரு டாக்டர் மனசுல முதல்ல ஓடுற கேள்வி ரொம்ப எளிமையானது. குடல் சுவர் உண்மையிலேயே வெந்து புண்ணாகியிருக்கா? இல்ல, சுவர் நல்லா இருந்தும் குடல் தாறுமாறா வேலை செய்யுதா?

ரெண்டாவதுக்குப் பேர் ஐ.பி.எஸ். போலீஸ் அதிகாரி இல்லீங்க. இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம். குடலின் அசைவும் அதோட நரம்புகளும் அளவுக்கு மீறித் துடிக்கும். உள்ளே கேமரா விட்டுப் பார்த்தா சுவர் சுத்தமா இருக்கும். அதுக்காக வலி பொய்னு அர்த்தம் இல்லை. வலி நிஜம். ஆனா உயிருக்கு ஆபத்து கிடையாது. நான் இதை "கோவிச்சுக்கிட்ட குடல்"னு சொல்லுவேன்.

முதல் வகைதான் அழற்சி. கிருமியால வரலாம். காசநோயால வரலாம். மாத்திரையால வரலாம். நம்ம எதிர்ப்பு சக்தியே குடலைத் தாக்குற ஐ.பி.டி. வகை நோய்களாலயும் வரலாம். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், கிரோன்ஸ் ரெண்டும் அந்த வகை. இதெல்லாம் கவனிக்காம விட்டா ரத்தம் போகும், குடல் சுருங்கும், அடைக்கும், ஓட்டை விழும்.

இந்த ரெண்டையும் பிரிச்சுச் சொல்ற கடைசித் தீர்ப்பு கொலனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியா கேமராக் குழாய் விட்டுப் பார்க்கிறது.

அது எங்க ஊர் ஆளுக்கு என்னன்னு சொல்றேன். முதல் நாள் முழுக்கத் தண்ணி ஆகாரம். குடலைக் கழுவ லிட்டர் கணக்குல மருந்துத் தண்ணி. அப்புறம் மன்னார்குடி வழியா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜுக்கு பஸ். வழியில அவசரமா வந்தா எங்கே இறங்குறதுன்னு பயம். கூட ஒரு ஆள். ரெண்டு பேருக்கும் ரெண்டு மூணு நாள் கூலி போகும். நடவு நேரத்துல யாரும் கிளம்ப மாட்டாங்க.

வயித்தால போகுதுன்னு வர்ற எல்லாரையும் அனுப்ப முடியாது. அனுப்பினா, உண்மையிலேயே தேவைப்படுறவங்க அந்த வரிசையில பின்னாடி போயிடுவாங்க. யாரையும் அனுப்பாமலும் இருக்க முடியாது. அதனால முறத்துல போட்டுப் புடைக்கிற மாதிரி ஒரு வழி வேணும்.

நுண்ணோக்கியில இருந்து நம்பர் வரைக்கும்

பழைய வழி நம்மகிட்டயே இருக்கு. மோஷன் ரிப்போர்ட்ல "பஸ் செல்ஸ்"னு ஒரு வரி பார்த்திருப்பீங்க. லேப் டெக்னீஷியன் ஒரு சொட்டு மலத்தைக் கண்ணாடியில தடவி, நுண்ணோக்கியில பார்த்து, எத்தனை சீழ் செல் இருக்குன்னு எண்ணி எழுதுவார். சீழ் செல்னா வேற எதுவும் இல்லை, நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளணு. உடம்புல எங்கே தீப்பிடிச்சாலும் குடத்தைத் தூக்கிக்கிட்டு முதல்ல ஓடுற ஆள் அவர்தான். குடல் சுவர் வெந்தா அங்கே கூட்டமா போவார், சண்டை போடுவார், செத்து மலத்தோட வெளியே வருவார்.

சிக்கல் என்னன்னா, அந்த செல் சீக்கிரம் சிதைஞ்சிடும். காலையில எடுத்ததை மத்தியானம் பார்த்தா இருக்காது. ஒரு சொட்டுல இருக்கும், இன்னொரு சொட்டுல இருக்காது.

இதைவிடத் துல்லியமா அளக்க ஒரு முறை இருந்துச்சு. நோயாளியின் வெள்ளணுவை எடுத்து, இண்டியம் 111ங்கிற கதிரியக்கப் பொருளை அதுல ஒட்டி, திரும்ப உடம்புல ஏத்தி, அடுத்த நாலு நாள் மலத்தையும் மொத்தமா சேகரிச்சு அளப்பாங்க. ஒரு டப்பாவுக்கே முகம் சுளிக்கிற நமக்கு நாலு நாள் மலம்!

இங்கேதான் கால்ப்ரொடெக்டின் வருது. நியூட்ரோஃபில் செல்லின் உள் திரவத்துல இருக்கிற புரதத்துல சுமார் 60 சதவீதம் இது ஒண்ணுதான். கிருமிக்குத் தேவையான துத்தநாகத்தைப் பிடுங்கி வச்சுக்கிட்டு அதைப் பட்டினி போடுறது இதோட வேலை. 1980ல் நார்வேயின் ஓஸ்லோவில் மாக்னே ஃபாகர்ஹோல் குழு இந்தப் புரதத்தைப் பிரிச்செடுத்தாங்க. 1992ல் ரோசெத் குழு அதை மலத்துல அளக்குற முறையை வெளியிட்டாங்க.

செல் செத்தாலும் இந்தப் புரதம் சாகாது. குடல் நொதிகள் இதைச் சுலபமா கரைக்க முடியாது. மலத்துல சில நாள் அப்படியே நிக்கும். அதனாலதான் ஒரு சின்ன டப்பாவை சென்னை லேபுக்கு அனுப்பிக்கூட அளக்க முடியுது.

நம்பர் என்ன சொல்லும்?

பெரியவங்களுக்கு, ஒரு கிராம் மலத்துல இத்தனை மைக்ரோகிராம்னு ரிப்போர்ட் வரும்.

50க்குக் கீழே: குடல் அழற்சி இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

250க்கு மேலே: அழற்சி இருக்கு. காரணம் தேடணும். பெரும்பாலும் ஸ்கோப் வேணும்.

50க்கும் 250க்கும் நடுவே: இதுதான் தலைவலி. பதறக் கூடாது, அலட்சியமும் கூடாது. சில வாரம் கழிச்சுத் திரும்பப் பார்க்கணும்.

(லேபுக்கு லேப் முறை மாறும். உங்க ரிப்போர்ட்ல அவங்க போட்டிருக்கிற அளவையும் சேர்த்துப் பாருங்க. திரும்பப் பார்க்கும்போது அதே லேப்ல பாருங்க.)

ஐ.பி.டி. சந்தேகம் உள்ளவங்களை வச்சு நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு கட்டுரை வந்துச்சு. இந்த டெஸ்டை முதல்ல பண்ணினா பெரியவங்கள்ல ஸ்கோப் தேவைப்படுறவங்க எண்ணிக்கை 67 சதவீதம் குறையும்னு அது கணக்குப் போட்டுச்சு. அதே கட்டுரை இன்னொண்ணையும் மறைக்காம சொல்லுது. நோய் இருந்தும் நார்மல்னு காட்டி, 6 சதவீதம் பேருக்கு நோயைக் கண்டுபிடிக்கிறது தள்ளிப்போகும். 2013ல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, புற்றுநோய் சந்தேகம் இல்லாதவங்களுக்கு ஐ.பி.எஸ்.ஸையும் ஐ.பி.டி.யையும் பிரிச்சுப் பார்க்க இந்த டெஸ்டைப் பரிந்துரை செஞ்சுது.

நம்ம தம்பிக்கு இதுதான் சரியான டெஸ்ட். பண்ணினார். 31 வந்துச்சு. தைராய்டும் ரத்தமும் சரியா இருந்துச்சு. அந்தப் பேப்பரை வச்சுக்கிட்டு அரை மணி நேரம் பேசினோம். "உன் குடல் சுவர்ல புண் இல்லைப்பா, இது அதுக்கான அத்தாட்சி"ன்னு சொன்னப்போ கண் கலங்கிட்டார். டீயைக் குறைச்சு, சாப்பாட்டு நேரத்தைச் சரி பண்ணி, ஒரே ஒரு மாத்திரையோட இப்போ சமாளிக்கிறார். முழுசா நிக்கல. ஆனா நாலாவது ஸ்கேனுக்குப் போகல.

வலி மாத்திரை செய்யும் வேலை

அடுத்து அண்ணன். அவருக்கு 170. நடு நம்பர்.

"மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?"ன்னு கேட்டா "ஒண்ணும் இல்லைங்க"ன்னார். நான் கேள்வியை மாத்தினேன். "மூட்டை தூக்கினா இடுப்பு வலிக்குமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அதுக்கு மெடிக்கல்ல ரெண்டு மாத்திரை வாங்கிப் போட்டுக்குவேன். தினமும்தான்."

எங்க டெல்டாவுல இது மாத்திரைக் கணக்குலயே வராது. நடவு சீசன்லயும் கொள்முதல் சீசன்லயும் டீயோட சேர்த்து வலி மாத்திரை சாப்பிடுறவங்களை வாராவாரம் பார்க்கிறேன். வலி மாத்திரை வயித்துல புண் பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும். சிறுகுடலையும் பண்ணும்ங்கிறது நிறைய பேருக்குத் தெரியாது.

2005ல் வெளியான ஒரு ஆய்வு. எந்த நோயும் இல்லாத 40 பேருக்கு ரெண்டு வாரம் டைக்ளோஃபெனாக் கொடுத்தாங்க. இரைப்பையைக் காப்பாத்த ஒமிப்ரசோலும் சேர்த்தே கொடுத்தாங்க. அப்புறம் கேப்சூல் கேமராவை விழுங்க வச்சுப் பார்த்தா, 27 பேரோட சிறுகுடல்ல புதுசா கீறலும் புண்ணும். நாலுல மூணு பேருக்கு மலத்துல கால்ப்ரொடெக்டின் ஏறியிருந்துச்சு. ரெண்டே வாரத்துல!

அண்ணனுக்கு வலி மாத்திரையை நிறுத்தினோம். இடுப்புக்குப் பயிற்சியும் பாரசிட்டமாலும். ஆறு வாரம் கழிச்சு நம்பர் 45. வயிறும் சரியாச்சு. ஸ்கோப் தேவைப்படல.

அதனால இந்த டெஸ்டுக்கு முன்னாடி நீங்க சாப்பிடுற எல்லாத்தையும் டாக்டர்கிட்ட சொல்லணும். கடையில வாங்கினது, பக்கத்து வீட்டுல கொடுத்தது, எல்லாமே. நெஞ்செரிச்சலுக்குப் போடுற பான்டோப்ரசோல் வகை மாத்திரைகூட நம்பரை ஏத்தலாம். ஆனா இதயத்துக்காக டாக்டர் கொடுத்த ஆஸ்பிரினை நீங்களா நிறுத்தாதீங்க. கேட்டுட்டுச் செய்யுங்க.

அக்காவுக்கு இந்த டெஸ்ட் வேண்டாம்

அந்த அக்கா என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல காட்டியிருக்காங்க. அங்கே இந்த டெஸ்டை எழுதிக் கொடுத்திருக்காங்க. தனியார் லேப்ல இதுக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அக்கா என்ன பண்ணினாங்க தெரியுமா? ரெண்டு வாரமா நடவுக் கூலியைச் சேர்த்துக்கிட்டிருந்தாங்க. வயித்தால போய்க்கிட்டே வயல்ல குனிஞ்சு நட்டு, அந்த டெஸ்டுக்குக் காசு சேர்த்திருக்காங்க.

அவங்களுக்கு அது தேவையே இல்லை.

ராத்திரி எழுந்து போறாங்க. எடை குறைஞ்சிருக்கு. சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குது. நம்ம லேப்ல ஹீமோகுளோபின் 7.8. மோஷன்ல சீழ் செல்லும் ரத்த அணுவும். இத்தனை அடையாளம் இருக்கிற ஆளுக்கு நம்பர் 1,000 வந்தாலும் ஸ்கோப்தான். 40 வந்தாலும் ஸ்கோப்தான். முடிவை மாத்தாத டெஸ்டுக்கு எதுக்குக் காசு?

"அந்தக் காசுல பஸ்ஸேறுங்க அக்கா"ன்னு சொல்லி, கடிதம் எழுதி, தஞ்சாவூருக்கு அனுப்பினேன். சிறுகுடலும் பெருங்குடலும் சேர்ற இடத்துல புண். சதை எடுத்துப் பார்த்ததுல குடல் காசநோய்.

இதை அழுத்திச் சொல்லணும். வெளிநாட்டுப் புத்தகத்துல "கால்ப்ரொடெக்டின் கூடினா ஐ.பி.டி.யை நினை"ன்னு இருக்கும். நம்ம நாட்டுல அதோட காசநோயையும் நினைக்கணும். கிரோன்ஸும் குடல் காசநோயும் ரெட்டைப் பிள்ளைங்க மாதிரி. கேமராவுல பார்த்தாலே குழப்பும். மல நம்பர் ரெண்டுலயும் ஏறும், பிரிச்சுச் சொல்லாது. கிரோன்ஸுன்னு தப்பா நினைச்சு ஸ்டீராய்டு கொடுத்தா உள்ளே இருக்கிற காசநோய் பரவிடும். அதனால நம்பரை மட்டும் வச்சு யாரும் மருந்து ஆரம்பிக்கக் கூடாது.

அக்காவுக்கு ஆறு மாசம் காசநோய் மருந்து, அரசு மருத்துவமனையில இலவசமா. இப்போ சம்பா அறுவடைக்குப் போறாங்க. ஜாக்கெட்டைத் திரும்பப் பிரிச்சுத் தைக்க வேண்டியதாப் போச்சுன்னு சிரிக்கிறாங்க.

வயித்தால போகாத குழந்தைகள்

இதுவரைக்கும் சொன்னது தொந்தரவோட வர்றவங்க கதை. தொந்தரவே இல்லாதவங்க மலத்துல அழற்சி இருந்தா? இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதுல நம்ம வேலூருக்குப் பங்கு இருக்கு.

2009ல் தொடங்கின மால்-எட்ங்கிற ஆய்வு எட்டு நாடுகள்ல நடந்துச்சு. இந்தியாவுக்கான இடம் வேலூர் நகரத்தின் குடிசைப் பகுதிகள். நடத்தினது சி.எம்.சி. குழந்தை பிறந்ததுல இருந்து ரெண்டு வயசு வரைக்கும் வாரம் ரெண்டு தடவை வீட்டுக்குப் போய்ப் பார்த்தாங்க. வயித்தால போகாத நாள்லயும் மாதாமாதம் மலம் எடுத்தாங்க. அதுல மூணு பொருளை அளந்தாங்க. அதுல ஒண்ணு மைலோபெராக்ஸிடேஸ், நம்ம நியூட்ரோஃபில் செல்லின் இன்னொரு சரக்கு.

2013ல் முடிவு வந்துச்சு. எட்டு நாடுகளையும் சேர்த்து 537 குழந்தைகள். மூணு அளவையும் சேர்த்துப் போட்ட மதிப்பெண் அதிகமா இருந்த குழந்தைகள், குறைவா இருந்த குழந்தைகளைவிட அடுத்த ஆறு மாசத்துல 1.08 சென்டிமீட்டர் குறைவா வளர்ந்தாங்க. எத்தனை தடவை வயித்தால போச்சுங்கிறதைக் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்னுச்சு.

"என் பிள்ளை நல்லாத்தான் சாப்பிடுது, ஏன் வளரலை?"ன்னு கேக்குற அம்மாவுக்கு இதுல ஒரு பதில் இருக்கு. அழுக்குத் தண்ணியும் மண்ணும் வழியா ஓயாம கிருமி போனா, வயித்தால போகாமலேயே குடல் சுவர் வெந்துக்கிட்டிருக்கும். சாப்பிட்டது முழுசா உடம்புல சேராது. குறை அந்த அம்மாவோட சமையல்ல இல்லை. தெருவோட தண்ணியிலயும் கழிப்பறையிலயும் சாக்கடையிலயும் இருக்கு.

ஒண்ணு கவனிங்க. இது ஆராய்ச்சிக்கான அளவு. கைக்குழந்தைக்கு இயல்பாவே கால்ப்ரொடெக்டின் நூத்துக்கணக்குல இருக்கும். பெரியவங்க அளவான 50ஐ வச்சுக்கிட்டு குழந்தை ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படாதீங்க.

டப்பாவை எப்படி நிரப்பறது?

காலையில போற முதல் மலம் நல்லது. பழைய பேப்பரையோ பிளாஸ்டிக் தாளையோ விரிச்சு அதுல போங்க. மூத்திரமும் கழிப்பறைத் தண்ணியும் கலக்கக் கூடாது. மூடியில இருக்கிற குச்சியால சுண்டைக்காய் அளவு எடுத்தாப் போதும். டப்பாவை நிரப்ப வேண்டாம். சாதாரண மோஷன் டெஸ்டுக்கு ஒரு மணி நேரத்துக்குள்ள கொண்டு வரப் பாருங்க. கால்ப்ரொடெக்டினுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு, ஆனாலும் அன்னைக்கே கொடுத்திடுங்க. டப்பாவைக் காகிதத்துல சுத்திப் பையில வச்சா யாருக்கும் தெரியாது. லேப்ல இருக்கிறவங்களுக்கு இது இட்லி மாவு மாதிரி, தினம் பார்க்கிறது.

நேத்து வெளியில சாப்பிட்டு இன்னைக்கு வயித்தால போகுதுன்னா இந்த டெஸ்ட் வேண்டாம். ஓ.ஆர்.எஸ். குடிங்க. மெடிக்கல்ல மெட்ரானிடசோல் கேட்டு வாங்காதீங்க. ஒரு மாசத்துக்கு மேல போனா டாக்டரைப் பாருங்க, டெஸ்ட் வேணுமான்னு அவர் முடிவு பண்ணுவார்.

மலத்துல ரத்தம், ராத்திரி தூக்கத்துல எழுந்து போறது, எடை குறையறது, காய்ச்சல், ரத்தசோகை, 50 வயசுக்கு மேல புதுசா மலப் பழக்கம் மாறுறது, குடும்பத்துல குடல் புற்றுநோய். இதுல ஒண்ணு இருந்தாலும் நம்பருக்காகக் காத்திருக்காதீங்க. கால்ப்ரொடெக்டின் நார்மல்னு வந்தாலும் அதை வச்சு நிம்மதியாகாதீங்க. நேரா வாங்க.

கடைசியா ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுல இருக்கிற ஆயாகிட்ட, அம்மாகிட்ட, வேலைக்கு வர்ற அக்காகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: "வயிறு சரியா இருக்கா? வெளிக்குப் போறதுல ஏதாவது தொந்தரவு இருக்கா?"

நாமளா கேக்காம அவங்க சொல்ல மாட்டாங்க.